நானிகாவின் மூன்றாவது அறை

ஜேமாவின் வீட்டு இரும்புக் கதவு திறக்கும் சத்தத்தில்தான் நானிகாவுக்கு ஆறு வருடமாகப் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே சேவல் கூவி ஓய்ந்திருக்கும். அவள் கணவன் துராம் எழுந்து மாட்டை அவிழ்த்துவிட்டிருப்பான். அதெல்லாம் அவளுக்கு விடியலில் சேராது. முற்றத்தின் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் 'டடக்' என்று விழ வேண்டும். விழுந்ததும் அடிவயிற்றில் ஒரு கங்கு சாம்பலை உதறிக்கொண்டு கண் விழிக்கும். பிறகுதான் பாயைச் சுருட்டுவாள்.

ஹேசாசாய் கிராமத்தில் சிங்கு குலத்துக்கு நானிகா மூத்த மருமகள், ஜேமா இளையவள். துராமும் ரெங்கோவும் கூடப்பிறந்தவர்கள். முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, பலாமரம் ஒன்று. வீடு மட்டும் இரண்டு. இந்தப் பக்கம் நானிகாவின் மண் வீடு: செம்மண் பூசி, அடியில் கரிப்பட்டை இழுத்த சுவர், மேலே நாட்டு ஓடு. அந்தப் பக்கம் ஜேமாவின் அரசாங்க வீடு: சிமென்ட் கூரை, பச்சைச் சாயம், சுவரில் ரெங்கோவின் பெயரும் திட்டத்தின் பெயரும் கட்டிய வருடமும். நானிகாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த வரிகளில் எந்தெந்த எழுத்தின் காலில் சாயம் உரிந்திருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பொறாமை அவளுக்குப் பிறவிக் குணம் அல்ல. ரொம்ப நாள் அவளிடம்தான் மற்றவர்களுக்குப் பொறாமை. அவளைக் கேட்டுப் போனபோது மாமனார் தோப்ரோ பெண்ணுக்கு விலையாக ஒரு ஜோடிக் காளையும் கன்றோடு ஒரு பசுவும் ஓட்டிக்கொண்டு போனார். அவள் பிறந்த ஊரில் அந்த வருடம் வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படிப் போகவில்லை. நான்கு வருடம் கழித்து ஜேமாவைக் கட்டும்போது ஊரில் மாட்டு நோய் வந்து தொழுவம் காலியாக இருந்தது. ஒற்றைக் காளைதான் போயிற்று, அதுவும் கிழக் காளை. கிணற்றடியில் வாய்த்தகராறு வந்தால் நானிகா நீளமாகப் பேச மாட்டாள். "ஒத்தக் காளைக்காரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். மேட்டில் நிற்பவளுக்குப் பள்ளத்தைப் பார்த்து என்ன பொறாமை?

பிறகு கணக்கெடுப்பு வந்தது.

தொப்பி வைத்த ஒருவன் கையில் அட்டையோடு முற்றத்தில் வந்து நின்றான். யார் யாருக்கு எத்தனை அறை என்று அரசாங்கம் கேட்கிறது என்றான். நானிகாவின் வீட்டு முன்னறையைப் பார்த்தான். நெல்லும் ஆடும் கிடக்கும் பக்கத்து அறையைப் பார்த்தான். பின்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன வாசல் இருந்தது. அதை நோக்கி அவன் காலை எடுத்து வைத்ததும் நானிகா ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

அது அதிங். வீட்டின் உள்ளறை. ஜன்னல் கிடையாது. சிங்கு குலத்தில் செத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். புதுச் சோறும் புது நெல்லில் புளிக்கவைத்த தியாங் கள்ளும் முதலில் அங்கே வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாயில் போகும். குலத்து ஆண்கள் நுழையலாம், அவர்கள் கட்டிக்கொண்டு வந்த பெண்கள் நுழையலாம். வேறு யாரும் கூடாது. கட்டிக்கொடுத்த பிறகு நானிகாவின் சொந்த மகள் மெஞ்சோவே அந்தப் படியைத் தாண்டியதில்லை.

"உள்ள என்னம்மா இருக்கு?" என்றான் தொப்பிக்காரன்.

"பெரியவங்க இருக்காங்க."

"பெரியவங்களா? எத்தனை பேரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நெறைய பேரு."

"எல்லாரும் இங்கதான் இருக்காங்களா?"

"வேற எங்க போவாங்க? எப்பவும் இங்கதான்."

"கூட்டுக் குடும்பமா?"

"ஆமா," என்றாள் நானிகா. பொய் இல்லையே.

அவன் மூன்று அறை என்று எழுதிக்கொண்டு போனான். ஜேமாவும் ரெங்கோவும் அப்போது தனி அடுப்பு வைத்து, முற்றத்து மூலையில் சாய்ப்பு இறக்கி ஒற்றை அறையில் இருந்தார்கள். தகப்பன் அண்ணன் வீட்டில் இருக்கும்போது தம்பிக்கு அதிங் எதற்கு? அவர்களுக்கு ஒரு அறை என்று எழுதினான். இரண்டு அறைக்கு மேல் இருந்தால் வீடு இல்லை என்பது அரசாங்கத்தின் சட்டம். பெயர்ப் பட்டியல் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டப்பட்டபோது ரெங்கோ பெயர் இருந்தது, துராம் பெயர் இல்லை. ஜோடிக் காளைக்கு வந்தவள் ஓட்டு வீட்டில் நின்றாள். ஒற்றைக் காளைக்கு வந்தவள் சிமென்ட் வீட்டுக்குக் குடிபோனாள்.

அதற்குப் பிறகு நானிகாவின் கண் முற்றத்தைத் தாண்டித்தான் மேய்ந்தது. ஜேமா வாசல் கழுவினால், "தரையக் கழுவுறாளா, நம்மளக் கழுவுறாளா பாரு" என்பாள். ஜேமா கதவுக்கு எண்ணெய் போட்டால், சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் இத்தனை நாள் போடாமல் இருந்தாள் என்பாள். எண்ணெய் போட்ட பிறகும் தாழ்ப்பாள் 'டடக்' என்றுதான் விழுந்தது. நானிகாவுக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

கோடையில் மட்டும் கடவுள் அவள் பக்கம். சித்திரை வெயிலில் அந்தச் சிமென்ட் கூரை காய்ந்து, இரவிலும் சூட்டை உமிழும். ஜேமா பிள்ளைகளோடு கட்டிலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வருவாள். நானிகா தன் மண் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள்.

"ஏண்டி ஜேமா, அரசாங்கம் வீடு குடுத்துச்சா, அடுப்பு குடுத்துச்சா?"

"அடுப்புதான் அக்கா. உன் வயித்துல எரியறத விடக் கொஞ்சம் கம்மி."

ஜேமாவின் வாய்க்கும் கூர் குறைவில்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த கழிப்பறையில் அவள் ஆடு கட்டியிருந்தாள். அதைப் பற்றி நானிகா ஒரு பாட்டே கட்டிப் பாடுவாள். எங்கள் வீட்டு ஆடு மண் தரையில் படுக்கிறது, அவள் வீட்டு ஆடு ஓடு பதித்த அறையில் படுக்கிறது என்பது அதன் சாரம். பாடி முடித்ததும் அவளுக்கே எரியும்.

ஜேமாவிடம் இல்லாத ஒன்று நானிகாவிடம் இருந்தது. அது பொறாமைப்படத்தக்க பொருள் என்பதே அவளுக்கு அப்போது தெரியாது. வீடு கட்டும்போது கொத்தனாரிடம் ஜேமா அதிங்குக்காக மூலையில் ஒரு குட்டைச் சுவர் எழுப்பித் தரச் சொன்னாள். "வரைபடத்துல இல்லாத சுவர் வந்தா அடுத்த தவணை வராதும்மா. வந்து போட்டோ எடுப்பாங்க" என்று அவர் கையை விரித்தார். அதனால் மாகே பண்டிகையன்று ஜேமா சோறும் கள்ளும் சுமந்துகொண்டு முற்றத்தைத் தாண்டி நானிகாவின் வீட்டுக்கு வருவாள். படியில் நின்று, "அக்கா, உள்ள வரட்டா?" என்று கேட்பாள். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் நானிகா கொஞ்சம் நேரம் காக்க வைத்துவிட்டுத்தான், "வா" என்பாள்.

மாமனார் தோப்ரோ நானிகாவின் வீட்டில் இருந்தார். நன்றாகப் பேசுகிறவர், நன்றாகக் குடிக்கிறவர். மருமகள்கள் இருவரையும் ஒரே மாதிரி ஏய்ப்பார். இங்கே சிவப்பெறும்புத் துவையலோடு சோறு தின்றுவிட்டு, அங்கே போய், "காலையிலேருந்து வயிறு காலிம்மா" என்பார். ஆனால் படுக்கை இங்கேதான். அந்த ஒன்றில் நானிகா அசையாமல் இருந்தாள்.

அந்த வருடம் மழை ஆடியிலேயே அடித்துக்கொண்டு இறங்கியது. குரங்குகள் ஓடி விளையாடியதில் ஓடு நகர்ந்திருந்தது. புது ஓடு சுடுகிற குயவர்கள் எல்லாம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். துராம் ஒரு நீலத் தார்ப்பாயை விரித்துக் கல் வைத்தான். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கிழவரின் கட்டிலை நானிகா இந்த மூலைக்கு இழுத்தால் சொட்டு இந்த மூலைக்கு வந்தது, அந்த மூலைக்கு இழுத்தால் அங்கே வந்தது. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் ஜேமா குடையோடு வந்து நின்றாள்.

"மாமா, எந்திரிங்க. நம்ம வீட்டுல போய்ப் படுங்க."

"இது யார் வீடுடி?" என்றாள் நானிகா.

"அக்கா, சண்டை அப்புறம் போடலாம். அவரு நனைஞ்ச கோழி மாதிரி நடுங்குறாரு."

தோப்ரோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நானிகாவின் தோளைப் பிடித்து எழுந்து, ஜேமாவின் குடைக்குள் போய் நின்றார். முற்றத்தைக் கடக்கும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு முதுகை நானிகா பிறகு எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்திருக்கிறாள்.

தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போவாள். ஜேமா முன்னாலேயே ஊட்டியிருப்பாள். கிழவரின் கட்டில் சுவரோரமாக, காய்ந்த தரையில், மின்விசிறிக்குக் கீழே கிடந்தது.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"நல்லாத் தூக்கம் வருதும்மா இங்க," என்றார் அவர், பாராட்டுகிற குரலில். "சொட்டுச் சத்தமே இல்ல."

நெல் பால் பிடிக்கிற நேரத்தில் அவர் அந்தக் கட்டிலிலேயே செத்துப்போனார்.

குலத்துக் கல்லடியில் அவரைப் புதைத்துவிட்டு ஈரத் துணியோடு எல்லாரும் முற்றத்துக்குத் திரும்பினார்கள். வார்டு உறுப்பினர் பாமியா அப்போதுதான் அந்தச் சேதியைச் சொன்னார். வீடு கிடைக்காமல் விட்டுப்போனவர்களுக்குப் புதுப் பட்டியல் எடுக்கிறார்களாம். கணக்கெடுக்க அடுத்த வாரமே ஆள் வருகிறது. சட்டம் அதே சட்டம்.

"துராம், போன தடவ மாதிரி விட்டுறாத," என்றார் அவர். "உள்ளறைச் சுவர இடிச்சிரு. வீடு ரெண்டு அறையாயிரும். வர்றவங்களுக்கு எட்டிப் பார்த்தாத் தெரியணும், அவ்வளவுதான்."

"அப்பாவ எங்க கூப்பிடறது?" என்றான் துராம்.

செத்தவர் புதைத்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை. நல்ல நாள் பார்த்து, அந்தி சாய்ந்ததும், அவருடைய நிழலை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு அதிங்கில் இருத்த வேண்டும். இருத்தாவிட்டால் அவர் காட்டில் அலைவார்.

ஜேமா இதற்காகவே காத்திருந்த மாதிரி ரெங்கோவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "கடைசியாச் சாப்பிட்டது என் அடுப்புல. கடைசியா மூச்சு விட்டது என் வீட்டுல. நான் மூலையில மண்ணு பூசி ஒரு அதிங் வச்சிக்கிறேன். எனக்குத் தவணை எல்லாம் வந்து முடிஞ்சிருச்சு, இனிமே யாரு வந்து போட்டோ எடுக்கப் போறா?"

பெரியவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். அண்ணன் தம்பி ஒத்துப்போனால் எந்த வீடானாலும் சரி என்றார்கள். நானிகாவும் தலையை ஆட்டினாள். அவளுக்கு அந்த நேரம் பச்சைச் சாயம்தான் கண்ணில் நின்றது. பச்சை வேண்டாம், நீலம் பூசலாம். ஜேமாவின் வீட்டைவிட ஒரு படி கூடுதலாக வைக்கலாம். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்.

கூப்பிடுகிற நாள் குறித்தார்கள். அதற்கு மறுநாள்தான் கணக்கெடுப்பு. கூப்பிடுவதற்கு முந்தைய நாள் காலையில் துராம் கடப்பாரையைக் கொண்டுவந்து சின்ன வாசலுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். நானிகா உள்ளே போய்ப் பானைகளை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன் கிணற்றில் ஒரு குடம் எடுக்கப் போனாள். ஜேமாவின் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஜேமா மண்டியிட்டு மூலையில் மண் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுந்திருந்தது. சாணிக் கரைசலை உள்ளங்கையால் வட்டம் வட்டமாக இழுத்தாள், கை பிசகாமல், அழகாக. வாயில் ஏதோ முணுமுணுப்பு. நானிகாவின் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"வா அக்கா. பாரு, சரியா இருக்கா?"

"சின்னதா இருக்கே."

"அவரு ஒருத்தருக்குப் போதும். அப்புறம் மத்தவங்களும் ஒவ்வொருத்தராப் பின்னாடியே வந்துருவாங்க. உன் சுவர்தான் இடியப்போகுதே, அவங்களுக்கும் போக்கிடம் வேணும்ல?" ஜேமா புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். நெற்றியில் சாணிக் கோடு விழுந்தது. "இனிமே மாகேக்கு நீங்க எல்லாம் இங்க வந்துருங்க. நீ கேட்டுட்டெல்லாம் நிக்க வேணாம் அக்கா, நேரா உள்ள வா. நான் உன்னை வாசல்ல நிக்க வைக்க மாட்டேன்."

நல்ல மனசோடு சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. ஆனால் நானிகா அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள். தலையில் சோற்றுப் பானையோடு, நீலச் சாயம் அடித்த தன் வீட்டிலிருந்து இறங்கி, முற்றத்தைத் தாண்டி, ஒற்றைக் காளைக்காரியின் படியில் தான் நிற்பதை. ஜேமாவிடம் வீடும் இருந்தது. இப்போது கிழவரும். கிழவருக்குப் பின்னாலேயே அவருடைய தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், பெயர் தெரியாத அத்தனை பேரும் ஒரு குடைக்குள் புகுந்துகொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள்.

தண்ணீர் எடுக்காமலே திரும்பினாள். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்குப் பின்னால் புதரில் வீசினாள்.

துராம் வந்து தேடினான். "கடப்பாரை எங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"சுவரும் இடியாது, ஒண்ணும் இடியாது. மாமாவ இங்கதான் கூப்பிடணும். மூத்தவன் நீயா, அவனா?"

"மெஞ்சோ அம்மா, நாளைக்கு மறுநா ஆளு வருது."

"வரட்டும்."

"வீடு வேணாமா உனக்கு? ஆறு வருஷமா அந்தப் பச்சைச் சுவரப் பார்த்துப் பார்த்து என் உயிர எடுத்தது நீதான."

"வீடும் வேணும். ஆனா மாமாவ அவகிட்ட விட முடியாது."

"தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத் தடைன்னு சொல்லுவாங்க. அத நான் கதைன்னு நெனச்சிருந்தேன்," என்றான்.

ஜேமா அழுதாள், கத்தினாள், பூசிய மண் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று காட்டினாள். நானிகா ஒரு இஞ்ச் நகரவில்லை. பெரியவர்கள் மறுபடியும் தலையை ஆட்டினார்கள். இருக்கிற அதிங் இருக்க, புதிது எதற்கு என்றார்கள்.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் சடங்கு தொடங்கியது. நானிகா அதிங்கின் தரையில் சலித்த சாம்பலைப் பரப்பினாள். எறும்பு நடந்தால்கூடத் தெரிய வேண்டும். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்கள். பெண்கள் முன்னறையில் இருட்டில் உட்கார்ந்தார்கள். நானிகாவுக்குப் பக்கத்தில் ஜேமா. இருவர் தோளும் ஒட்டியிருந்தன, ஆனால் ஒருத்தி பக்கம் ஒருத்தி திரும்பவில்லை.

தூரத்தில், கல்லடியில், ஆண்கள் வைக்கோலால் ஒரு குட்டிக் குடிசை கட்டி அதற்குத் தீ வைத்தார்கள். ஓட்டு இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. கலப்பைக் கொழுவையும் அரிவாளையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள்: "ஏ தோப்ரோ! பாரு, உன் குடிசை எரியுது! வீட்டுக்கு வா! உன் வீட்டுக்கு வா!"

'உன் வீடு' என்றபோது ஜேமாவின் மூச்சு நின்று பிறகு வந்தது நானிகாவுக்குக் கேட்டது. தன் மூச்சும் அப்படித்தான் நின்றிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சொட்டுச் சத்தமே இல்ல என்று சொன்ன மனிதர். வருவாரா? வந்தால் எந்த வாசலுக்கு? மாமா, ஓடு மாத்திடறேன், அதிங்குக்கு மேல மட்டுமாவது மாத்திடறேன், வந்துருங்க என்று இருட்டுக்குள் வாயை அசைத்தாள்.

இரும்புச் சத்தம் நெருங்கி வாசலில் நின்றது.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க, துக்கமா, சந்தோஷமா?" என்று உள்ளே இருந்த மூத்த பெண் கேட்டாள்.

"சந்தோஷம்!" என்றார்கள் வெளியே.

விளக்கு ஏற்றி, சின்ன வாசலைத் திறந்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். படிக்குப் பக்கத்தில் சாம்பல் தட்டையாகக் கிடந்தது. உள்ளே, கள்ளுப் பானைக்கு முன்னால், மூன்று கோடு விரிந்த ஒரு சின்னத் தடம். ஒன்றே ஒன்று.

"வந்துட்டாரு!" என்றான் ரெங்கோ.

ஜேமா எல்லாரையும் விலக்கிக் குனிந்தாள். "கோழிக்குஞ்சு கால் மாதிரி இருக்கு."

"கோழியா வந்தா என்ன, குருவியா வந்தா என்ன?" என்றாள் நானிகா. "நேரா எங்க போயிருக்காரு பாரு, கள்ளுப் பானைக்கு. வேற யாரா இருக்க முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜேமா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் கணக்கெடுக்க வந்தது ஒரு பெண். சைக்கிளைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு, கையில் போனோடு வந்தாள். பேச்சைக் கேட்டதும் நம் ஜனம்தான் என்று தெரிந்தது. பூர்த்தி குலத்துப் பெண், பக்கத்துப் பஞ்சாயத்து. முன்னறையைப் படம் பிடித்தாள், பக்கத்து அறையைப் படம் பிடித்தாள். சின்ன வாசலைப் பார்த்ததும் அவளே நின்றுவிட்டாள்.

"அதிங்தான பெரியம்மா? நான் வரமாட்டேன், பயப்படாதீங்க."

நானிகா விரித்த கையை இறக்கினாள்.

"அத நான் அறைன்னு சேர்க்கப் போறதில்ல," என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "யாரும் படுக்காத இடம், சாமான் வைக்கற இடம்னு போட்டுருவேன். ரெண்டு அறை. பட்டியல்ல வந்துரும். அக்கம்பக்கத்துல ஒருத்தரு மட்டும் சரின்னு சொல்லணும்."

துராமின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. இவ்வளவு சுலபமா? சுவரும் நிற்கும், வீடும் வரும். நானிகாவுக்கு நீலச் சாயத்தின் வாசனையே வந்துவிட்டது.

அக்கம்பக்கம் என்றால் ஜேமாதான். அவள் தன் வாசல்படியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இவங்க வீட்டுல எத்தனை அறைங்க?" என்று அந்தப் பெண் கூவிக் கேட்டாள்.

"மூணு," என்றாள் ஜேமா.

"ஜேமா!" என்று துராம் அதட்டினான்.

"என்ன, பொய்யா சொல்றேன்? நேத்து சாயங்காலம் ஊரே குனிஞ்சு குனிஞ்சு பார்த்துச்சே. மூணு அறை. மூணாவது அறையில ஆள் இருக்கு. இல்லன்னா அக்காவையே கேளு. அங்க யாரும் இல்லன்னு அவ வாயால சொல்லட்டும், நான் ரெண்டுன்னு சொல்றேன்."

கணக்கெடுக்க வந்தவள் நானிகாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க பெரியம்மா. ஒரு வார்த்தைதான். அதுல யாராவது இருக்காங்களா? இல்லன்னு போட்டுரலாமா?"

துராம் கண்ணால் கெஞ்சினான். ஒரு வார்த்தைதான். அரசாங்கத்துக்குச் சொல்கிற வார்த்தை, அதில் என்ன வந்தது? ஆனால் நானிகா ஜேமாவைப் பார்த்தாள். ஜேமா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், திறந்த இரும்புக் கதவுக்கு உள்ளே, முழங்கால் உயரச் சுவர் இன்னும் அப்படியே இருந்தது. காய்ந்து வெள்ளையாகியிருந்தது. இடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு புதுப் பானை கவிழ்த்து வைத்திருந்தது.

அங்கே யாரும் இல்லை என்று இவள் சொன்னால், அந்தப் பானை நிமிரும்.

"இருக்காரு," என்றாள் நானிகா. "என் மாமனாரு இருக்காரு. அவரோட அப்பாவும் இருக்காரு. நெறைய பேரு இருக்காங்க. மூணு அறைன்னே போடு."

"பெரியம்மா..."

"போடும்மா. நல்லாப் பெருசாப் போடு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் போனை அழுத்தினாள். சைக்கிளில் ஏறும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். துராம் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மறுபடி பேச இரண்டு சந்தை நாள் ஆயிற்று.

சாயங்காலம் மழை பிடித்தது. முன்னறையில் நான்கு இடத்தில் சொட்டியது. நானிகா நான்கு பாத்திரம் வைத்தாள். பக்கத்து அறையின் நல்ல ஓடுகளைத் துராம் மத்தியானமே கழற்றி, அதிங்கின் மேல் போட்டிருந்தான். பேசாவிட்டாலும் அவள் சொன்ன வேலையைச் செய்திருந்தான். அதனால் ஆடும் முன்னறைக்கு வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அதிங்கின் கதவைத் திறந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜேமா கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தாள். சாரல் உள்ளே அடிப்பதைக் கவனிக்கவில்லை. தலைக்கு மேல் சொட்டாத கூரை, பின்னால் எரிகிற மின்விளக்கு. அவள் கண் நானிகாவின் மண் வீட்டின் பின்பக்கத்தில், ஓடு புதிதாக அடுக்கிய அந்த மூலையில் இருந்தது.

அந்தப் பார்வை யாருடையது என்று நானிகாவுக்குத் தெரியும். ஆறு வருடமாக அதை அவள்தான் வைத்திருந்தாள்.

"ஏண்டி ஜேமா," என்றாள் மழைக்கு மேல் குரல் உயர்த்தி, "சாரல் அடிக்குது பாரு. கதவச் சாத்திட்டுப் போய்ப் படு."

ஜேமா சாத்தினாள். தாழ்ப்பாள் 'டடக்' என்று விழுந்தது. நானிகா அடிவயிற்றில் அந்தக் கங்கைத் தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் சுடவில்லை. நிரம்பிய பாத்திரத்தை எடுத்து முற்றத்தில் வீசிக் கொட்டிவிட்டு, மறுபடியும் சொட்டுக்கு நேராக வைத்தாள்.